கணிப்பு சொன்னவரிடம் கணக்கு கேட்போம்

1958ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்கக் கடற்படை வாஷிங்டனில் செய்தியாளர்களைக் கூட்டி ஒரு செயல்விளக்கம் நடத்தியது. கார்னெல் வானூர்தி ஆய்வகத்தில் பணியாற்றிய உளவியலாளர் ஃபிராங்க் ரோசன்பிளாட், ‘பெர்செப்ட்ரான்’ என்று தான் பெயரிட்டிருந்த வழிமுறையை ஐபிஎம் 704 கணினியில் இயக்கிக் காட்டினார். இடப்பக்கம் எது, வலப்பக்கம் எது என்பதை 50 முறை முயன்று அந்தக் கணினி தானாகவே கற்றுக்கொண்டது. அங்கே நடந்தது அவ்வளவுதான். அடுத்து நியூயார்க் டைம்ஸில் வந்த செய்தி வேறு தினுசாக இருந்தது. நடக்கவும், பேசவும், பார்க்கவும், எழுதவும், தன்னைப் போல இன்னொன்றைப் படைக்கவும், தான் இருப்பதைத் தானே உணரவும் போகிற ஒரு கணினியின் கரு இது என்று கடற்படை நம்புவதாக அந்தச் செய்தி சொன்னது. படிக்கவும் எழுதவும் தெரிந்த முதல் இயந்திரம் ஒரு லட்சம் டாலர் செலவில், ஏறக்குறைய ஓராண்டில் தயாராகிவிடும் என்றும் அதில் இருந்தது.

அந்த ஓராண்டு கழிந்தது. அப்படிப்பட்ட இயந்திரம் வரவில்லை. 1969இல் மார்வின் மின்ஸ்கியும் சீமோர் பேப்பர்ட்டும், ஒரே அடுக்கு கொண்ட பெர்செப்ட்ரானால் எதையெல்லாம் செய்ய முடியாது என்பதைக் கணித வழியில் நிறுவிப் புத்தகம் வெளியிட்டார்கள். அந்த ஆராய்ச்சியின் மேல் இருந்த ஆர்வமும் அதற்கு வந்த நிதியும் வற்றின. ரோசன்பிளாட் 1971இல் படகு விபத்தில் இறந்துபோனார். இன்று உலகம் பேசிக்கொண்டிருக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் அவர் வழியில் வந்த பல அடுக்கு நரம்பணு வலைப்பின்னல்களால்தான் இயங்குகின்றன. அவர் காட்டிய திசை சரியாகவே இருந்தது. காலக்கணக்கு பொய்த்தது. இடையில் என்னென்ன கண்டுபிடிக்கப்பட வேண்டியிருந்தது என்பது மட்டும் அந்தச் செய்தியில் கடைசிவரை இல்லை.

எதிர்காலத் தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்களும் அதைச் செய்தியாக்குகிறவர்களும் சந்திக்கும் இடத்தில் இதே விபத்து திரும்பத் திரும்ப நடக்கிறது. ஓர் ஆய்வாளர் சொல்லும் கணிப்போடு மூன்று விஷயங்கள் சேர்ந்தே இருக்க வேண்டும்: எப்போது, எந்த நிபந்தனைகள் நிறைவேறினால், எவ்வளவு உறுதியோடு. வாசகர் கைக்கு வந்து சேரும்போது இந்த மூன்றும் உதிர்ந்து, வியப்போ பீதியோ மட்டும் மிஞ்சுகிறது. தேதியும் நிபந்தனையும் இல்லாத கணிப்பை யாராலும் பின்னாளில் சரிபார்க்க முடியாது. சரிபார்க்க முடியாது என்பதாலேயே சொன்னவரும் தப்பித்துக்கொள்கிறார், வெளியிட்டவரும் தப்பித்துக்கொள்கிறார். அதை நம்பிப் படிப்பையும் வேலையையும் சேமிப்பையும் தீர்மானித்த வாசகர்தான் நடுவில் மாட்டிக்கொள்கிறார்.

தவறு மிகைப்படுத்துவதில் மட்டும் இல்லை. கேலி செய்வதும் அதே அளவுக்குக் கெடுதல் செய்திருக்கிறது. அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் காடர்டு ராக்கெட்டுகளைப் பற்றி எழுதிய ஆய்வறிக்கையை ஸ்மித்சோனியன் நிறுவனம் வெளியிட்டு, 1920 ஜனவரியில் அதைப் பத்திரிகைகளுக்கு அறிவித்தது. பலூன்கள் எட்ட முடியாத உயரத்துக்கு அளவீட்டுக் கருவிகளை அனுப்புவதுதான் அறிக்கையின் முக்கிய நோக்கம். ஒரு ராக்கெட் நிலவு வரைக்கும் போக முடியும், அங்கே வெடிக்கும் ஒளிப்பொடியைத் தொலைநோக்கியால் பூமியிலிருந்தே பார்க்க முடியும் என்பதை அவர் ஓர் உதாரணக் கணக்காகக் கடைசியில் சேர்த்திருந்தார். பத்திரிகைகள் அந்த நிலவை மட்டும் எடுத்துக்கொண்டன. ஜனவரி 13 அன்று நியூயார்க் டைம்ஸ், வெற்றிடத்தில் ராக்கெட்டுக்கு உந்துவிசை கிடைக்காது என்று அடித்துச் சொல்லி, உயர்நிலைப் பள்ளியில் சொல்லித்தரும் அறிவுகூட இந்தப் பேராசிரியரிடம் இல்லை என்ற தொனியில் தலையங்கம் எழுதியது.

காடர்டின் இயற்பியல் சரி. தலையங்கத்தின் இயற்பியல் தப்பு. 1926 மார்ச் 16 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆபர்னில் உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டை அவர் பறக்கவிட்டார். ஆனால், 1920இல் வாங்கிய அடியை அவர் மறக்கவில்லை. பத்திரிகைகளிடமிருந்து விலகியே இருந்தார், தன் ஆய்வுகளைப் பற்றி வெளியில் பேசத் தயங்கினார். 1945இல் இறந்தார். 1969 ஜூலை 17 அன்று, அப்போலோ 11 நிலவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த வேளையில், நியூயார்க் டைம்ஸ் தன் பழைய தலையங்கத்துக்குத் திருத்தம் வெளியிட்டது. 49 ஆண்டுகள் கழித்தாவது பழைய பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததற்காக அந்தப் பத்திரிகையைப் பாராட்ட வேண்டும். பெரும்பாலான பத்திரிகைகள் அதைக்கூடச் செய்வதில்லை.

எதிர்காலவியலாளர்களின் தர்மசங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. அடக்கமாகப் பேசினால் யாரும் கூப்பிடுவதில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னால் பைத்தியக்காரப் பட்டம் கிடைக்கிறது. இதை மிகத் தெளிவாக விளக்கியவர், 1956 முதல் 2008இல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க். 1964இல் பிபிசி தொலைக்காட்சியில் பேசியபோது முதலிலேயே அவர் எச்சரித்தார்: ஒருவர் சொல்லும் எதிர்காலம் நம்பும்படி இருந்தால், சில பத்தாண்டுகளில் அது மிகக் கோழைத்தனமான கணிப்பாகத் தெரியும், நடக்கப்போவதை ஒருவர் அச்சு அசலாகச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். அதன் பிறகு தயங்காமல் தன் கணிப்புகளைச் சொன்னார். இன்னும் 50 ஆண்டுகளில் ஒருவர் லண்டனில் இருந்தபடி செய்யும் தொழிலை டஹிட்டியிலோ பாலியிலோ இருந்தும் நடத்த முடியும் என்றார். எடின்பரோவில் இருக்கும் மருத்துவர் நியூசிலாந்தில் இருக்கும் நோயாளிக்கு மூளை அறுவை சிகிச்சை செய்ய முடியும் என்றார். குரங்கினங்களைப் பழக்கி வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

முதலாவது நம் கண்முன்னே நடக்கிறது. தொலைதூர அறுவை சிகிச்சை தொழில்நுட்ப அளவில் சாத்தியமாகிவிட்டது. வேலைக்காரக் குரங்குகள் எங்கும் வரவில்லை. மூன்றும் ஒரே மனிதர், ஒரே நிகழ்ச்சியில், ஒரே குரலில் சொன்னவை. தகவல் தொடர்பைப் பற்றி அவர் சொன்னதற்குப் பின்னால் பொறியியல் கணக்கு இருந்தது. பூமியோடு சேர்ந்து சுற்றும் செயற்கைக்கோள்களைக் கொண்டு உலகம் முழுவதும் தகவல் அனுப்பலாம் என்று 1945இலேயே ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் கணக்குப் போட்டுக் காட்டியவர் அவர். குரங்குகளைப் பற்றிய பேச்சுக்குப் பின்னால் அப்படி எந்தக் கணக்கும் கிடையாது. பார்வையாளருக்கு இரண்டும் ஒரே எடையோடு போய்ச் சேர்ந்தன. எது கணக்கு, எது கற்பனை என்று பிரித்துக் காட்டும் பொறுப்பு பேசுகிறவருக்கும் உண்டு, பேட்டி எடுக்கிறவருக்கும் உண்டு.

அந்தப் பொறுப்பைக் கைவிட்டால் ஒரு துறைக்கே என்ன ஆகும் என்பதற்கு நானோ தொழில்நுட்பத்தின் கதையைப் போன்ற பாடம் வேறில்லை.

எரிக் டிரெக்ஸ்லர் 1986இல் ‘எஞ்சின்ஸ் ஆஃப் கிரியேஷன்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். அணுக்களையும் மூலக்கூறுகளையும் ஒவ்வொன்றாக அடுக்கிப் பொருள்களைச் செய்யும் நுண்ணிய இயந்திரங்கள் ஒருநாள் சாத்தியமாகும் என்பதுதான் அதன் சாரம். மருத்துவம், விண்வெளிப் பயணம், உற்பத்தி, ஆயுதப் போட்டி என்று பலவற்றையும் அது அலசியது. அவற்றுக்கு நடுவே ஓர் ஆபத்தையும் சொன்னார்: தன்னைத் தானே பிரதியெடுக்கும் நுண் இயந்திரம் கட்டுப்பாட்டை மீறினால், கண்ணில் பட்டதையெல்லாம் தின்று உலகத்தையே சாம்பல் நிறக் கூழாக ஆக்கிவிடலாம். புத்தகத்தில் இந்தச் சங்கதி பிடித்துக்கொண்ட இடம் மிகக் கொஞ்சம். பத்திரிகை உலகில் அது பிடித்துக்கொண்ட இடத்தை அளக்க முடியாது.

2000 ஏப்ரலில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் ஜாய், ‘வயர்டு’ இதழில் எழுதிய நீண்ட கட்டுரையில் இந்த அச்சத்தை மறுபடி எழுப்பினார். 2002இல் மைக்கேல் கிரைட்டன் நுண் இயந்திரக் கூட்டம் மனிதர்களை வேட்டையாடுவதாக நாவல் எழுதினார். 2003இல் பிரிட்டிஷ் இளவரசர் சார்லஸ் நானோ தொழில்நுட்பத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்று செய்தி வந்ததும், பத்திரிகைகள் சாம்பல் கூழைத் தலைப்புகளில் ஏற்றின. தான் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவே இல்லை என்று 2004இல் சார்லஸ் எழுத வேண்டியிருந்தது. இதற்கிடையே, 1996இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் ஸ்மாலி, அப்படிப்பட்ட இயந்திரங்கள் வேதியியல் விதிகளின்படி இயலவே இயலாது என்று வாதிட்டார். 2003 டிசம்பரில் ‘கெமிக்கல் அண்ட் எஞ்சினியரிங் நியூஸ்’ இதழ் டிரெக்ஸ்லர், ஸ்மாலி இருவரின் கடிதங்களையும் வெளியிட்டது. அதில் ஸ்மாலி, நீங்கள் நம் பிள்ளைகளைப் பயமுறுத்திவிட்டீர்கள் என்று டிரெக்ஸ்லரை நேரடியாகவே குற்றம்சாட்டினார்.

பிரிட்டிஷ் அரசின் வேண்டுகோளை ஏற்று ராயல் சொசைட்டியும் ராயல் பொறியியல் அகாடமியும் ஆராய்ந்து 2004 ஜூலையில் அறிக்கை கொடுத்தன. உடனடியாகக் கவனிக்க வேண்டியவை என்று அந்த அறிக்கை சொன்ன விஷயங்கள் வேறு. நானோ அளவுத் துகள்கள் பெரிய துகள்களைப் போல நடந்துகொள்வதில்லை. அவை நுரையீரலுக்குள்ளும் உடலுக்குள்ளும் போனால் என்ன ஆகும் என்பது போதிய அளவு ஆராயப்படவில்லை. ஆகவே அவற்றைப் புதிய வேதிப்பொருள்களாகவே சட்டம் நடத்த வேண்டும். அழகுசாதனப் பொருள்களில் சேர்த்தால் உறையில் குறிப்பிட வேண்டும். வெயிலுக்குப் பூசும் களிம்புகளில் டைட்டானியம் டை ஆக்சைடு நானோ துகள்கள் அப்போதே வந்துவிட்டிருந்தன. மக்கள் தோலில் தினமும் படுகிற பொருளைப் பற்றிய கேள்வி அது. அந்தக் கேள்வி முன்பக்கத்துக்கு வரவில்லை, உலகத்தைத் தின்னும் கூழ் வந்தது.

அதே 2004இல் டிரெக்ஸ்லரும் கிறிஸ் ஃபீனிக்ஸும் ஓர் ஆய்வுக் கட்டுரையில், மூலக்கூறு அளவிலான உற்பத்திக்குத் தன்னைத் தானே பிரதியெடுக்கும் இயந்திரங்கள் தேவையே இல்லை என்று விளக்கினார்கள். சாம்பல் கூழ் என்ற அந்தச் சொல்லைப் பயன்படுத்தாமலே இருந்திருக்கலாம் என்று டிரெக்ஸ்லர் வெளிப்படையாகவே வருந்தினார். அதற்குள் 18 ஆண்டுகள் ஓடிவிட்டன. ஒருவர் தன் புத்தகத்தின் மிகச் சிறிய பகுதியால் மட்டுமே அறியப்பட்டுவிட்டார். மக்கள் மனத்தில் ஒரு துறை, நடக்க வாய்ப்பு மிகக் குறைந்த ஆபத்தோடு ஒட்டிக்கொண்டது, நடக்கக்கூடிய ஆபத்து பின்னால் போனது. மிரளவைக்கும் சொல்லை உருவாக்கியவரின் பங்கு இதில் உண்டு. அதை எடுத்துக்கொண்டு மற்ற பக்கங்களைப் புரட்டாமல் விட்ட செய்தி அறைகளின் பங்கு அதைவிடப் பெரியது.

இந்தப் பாடத்தைக் கண்ட ஆய்வாளர்கள் இரண்டு வழிகளை முயன்றிருக்கிறார்கள். ஒன்று, கதவைச் சாத்திக்கொள்வது. 2015 ஜனவரியில் புவேர்ட்டோ ரிக்கோவில் செயற்கை நுண்ணறிவின் பாதுகாப்பைப் பற்றி ஃபியூச்சர் ஆஃப் லைஃப் அமைப்பு நடத்திய மாநாட்டில் ஊடகங்களுக்கு இடமே கொடுக்கவில்லை. யார் என்ன பேசினார் என்பதை அனுமதியின்றி வெளியிடவும் கூடாது. மனம் விட்டுப் பேச வேண்டும் என்பதே அதற்குக் காரணம். இன்னொன்று, வெட்டவே முடியாத அளவுக்குச் சுருக்கிச் சொல்வது. 2023 மே மாதம் செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னணியினரான ஜெஃப்ரி ஹின்டன், யோஷுவா பெஞ்சியோ, சாம் ஆல்ட்மன், டெமிஸ் ஹசாபிஸ் முதலியோர் கையெழுத்திட்ட அறிக்கை, ஆங்கிலத்தில் மொத்தமே 22 சொற்கள். பெருந்தொற்றுக்கும் அணு ஆயுதப் போருக்கும் இணையாக, செயற்கை நுண்ணறிவால் மனித இனம் அழியும் ஆபத்தைக் குறைப்பதையும் உலகம் முன்னுரிமையாகக் கருத வேண்டும் என்றது.

இரண்டுமே புரிந்துகொள்ளக்கூடிய தற்காப்புகள். இரண்டுமே வாசகருக்குப் போதாது. மூடிய அறையில் நடந்த விவாதத்தில் வாசகருக்குப் பங்கில்லை. 22 சொல் அறிக்கையைத் திரிக்க முடியாது என்பது உண்மை. ஆனால், எந்த வழியில் அந்த ஆபத்து வரும், எத்தனை ஆண்டுகளில், எவ்வளவு வாய்ப்பு என்பதில் எதுவும் அதில் இல்லை. கையெழுத்திட்டவர்களுக்குள்ளேயே இந்தக் கேள்விகளுக்கான பதில்கள் வேறு வேறு. அந்த வேறுபாடுகளைத்தான் செய்தியாளர்கள் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டு எழுதியிருக்க வேண்டும்.

தேதி சொல்லும் துணிச்சல் உள்ளவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் முதன்மையானவர் எதிர்காலவியலாளர் ரே கர்ஸ்வெயில். மனிதரோடு உரையாடுவதில் வேறுபாடு தெரியாத அளவுக்குக் கணினி 2029இல் வளர்ந்துவிடும், 2045இல் மனித அறிவும் இயந்திர அறிவும் கலந்து நாம் இன்று கற்பனை செய்ய முடியாத கட்டத்தை எட்டும் என்று 2005இல் வெளிவந்த தன் புத்தகத்தில் எழுதினார். 2011 பிப்ரவரியில் டைம் இதழ் அவருடைய கருத்துகளை அட்டைக் கட்டுரையாக்கியது. மனிதன் சாகா வரம் பெறும் ஆண்டு 2045 என்பது அட்டையில் இருந்த வாசகம். கட்டுரைக்குள் ஐயங்களும் மறுப்புகளும் இருந்தன. கடையில் தொங்கிய அட்டையில் அவற்றுக்கு இடமில்லை.

கர்ஸ்வெயில் ஒரு நல்ல காரியமும் செய்தார். 1990களில் தான் 2009ஆம் ஆண்டுக்காகச் சொன்ன 147 கணிப்புகளை எடுத்து, 2010இல் தானே மதிப்பிட்டு வெளியிட்டார். 115 முற்றிலும் சரி, 12 ஏறக்குறையச் சரி, 17 பாதி சரி, 3 தவறு; ஆக 86 சதவீதம் பலித்ததாக அவர் கணக்கு. பழைய கணிப்பை வரிசையாக எடுத்து வைக்கும் நேர்மை இத்துறையில் அரிது. என்றாலும் சொன்னவரே மதிப்பெண் போட்டுக்கொண்டதை மற்றவர்கள் ஏற்கவில்லை. வெளியார் பார்த்தபோது, அவர் சரி என்று போட்டுக்கொண்ட பலவற்றை நெகிழ்வாகப் பொருள்கொண்டால்தான் சரி என்று சொல்ல முடிந்தது. இந்த மதிப்பீட்டை அந்தக் கணிப்புகளை அன்று கொண்டாடி வெளியிட்ட பத்திரிகைகள் செய்திருக்க வேண்டும்.

ஒரு கணிப்பு எத்தனை பேருடைய வாழ்க்கையைத் தொடும் என்பதைப் பார்க்க, கதிரியக்கவியல் நல்ல உதாரணம். நரம்பணு வலைப்பின்னல் ஆராய்ச்சியின் முன்னோடியும் 2024இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவருமான ஜெஃப்ரி ஹின்டன், 2016இல் டொராண்டோவில் பேசும்போது, கதிரியக்கவியல் நிபுணர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிட வேண்டும், ஐந்தாண்டுகளுக்குள் கணினி அவர்களைவிட நன்றாகச் செய்துவிடும் என்றார். அந்தக் காணொலி உலகம் சுற்றியது. ஐந்தாண்டுகள் முடிந்து, பத்தாண்டுகளும் நெருங்கின. அமெரிக்காவில் கதிரியக்கவியல் நிபுணர்களுக்குத் தட்டுப்பாடுதான் ஏற்பட்டது. செயற்கை நுண்ணறிவைப் பெருமளவில் பயன்படுத்தும் மேயோ கிளினிக்கிலேயே அவர்களின் எண்ணிக்கை 2016இல் இருந்ததைவிடப் பாதிக்கு மேல் கூடியது.

காரணம் எளிது. எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ படங்களில் கட்டியைக் கண்டுபிடிப்பது அந்த மருத்துவரின் வேலையில் ஒரு பகுதிதான். யாருக்கு எந்த ஸ்கேன் தேவை என்று தீர்மானிப்பது, பழைய படங்களோடும் நோயாளியின் வரலாற்றோடும் ஒப்பிடுவது, அறுவை சிகிச்சை நிபுணரோடு கலந்து பேசுவது, படத்தைப் பார்த்துக்கொண்டே ஊசி செலுத்தித் திசு எடுப்பது, தவறினால் பொறுப்பேற்பது என மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. 2025இல் நியூயார்க் டைம்ஸ் கேட்டபோது, தான் படங்களைப் பகுத்தாய்வதை மட்டுமே மனத்தில் வைத்துப் பேசியதாகவும், பொதுப்படையாகச் சொல்லிவிட்டதாகவும், கால அளவில் பிசகினாலும் திசையில் பிசகவில்லை என்றும் ஹின்டன் பதில் சொன்னார். நேர்மையான பதில். அந்தப் பதிலில் உள்ள நிபந்தனையை 2016இலேயே ஒரு கேள்வியால் வாங்கியிருக்க முடியும். படம் பார்ப்பதைத் தவிர அந்த மருத்துவர் வேறு என்ன செய்கிறார் என்று ஒரு கதிரியக்கவியல் நிபுணரை அழைத்துப் பேசவைத்திருந்தால் போதும். இந்தியாவில் நீட் முதுநிலைத் தரவரிசையில் முன்னால் வரும் மாணவர்கள் விரும்பி எடுக்கும் பிரிவு இது. அந்தக் காணொலியைப் பார்த்து வேறு பிரிவுக்குப் போனவர்கள் இருந்தால், அவர்களுக்கு யார் பதில் சொல்வது?

ஊடகங்கள் ஏன் நிபந்தனையோடு பேசுகிறவரை விட்டுவிட்டு அடித்துப் பேசுகிறவரைத் தேடுகின்றன? உளவியலாளர் ஃபிலிப் டெட்லாக் 284 நிபுணர்களிடம் ஏறக்குறைய 20 ஆண்டுகளாக 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணிப்புகளைத் திரட்டிச் சரிபார்த்து 2005இல் வெளியிட்டார். அவை அரசியல், பொருளாதாரக் கணிப்புகள். ஆனால், அவர் கண்டது இங்கேயும் பொருந்தும். ஒரே பெரிய கொள்கையைப் பிடித்துக்கொண்டு உறுதியாகப் பேசுகிறவர்கள், பல கோணங்களில் பார்த்துத் தயங்கிப் பேசுகிறவர்களைவிட அதிகம் தவறினார்கள். ஊடகங்கள் அதிகம் தேடிப்போன நிபுணர்கள் மற்றவர்களைவிட மோசமாகக் கணித்தார்கள். தயங்கிப் பேசுகிறவரின் பேட்டி கேட்பதற்குச் சுவையாக இருக்காது. அதற்காக அவரை ஒதுக்கினால் பிழையான கணிப்பைத்தான் தேர்ந்தெடுக்கிறோம் என்பதை ஆசிரியர்கள் உணர வேண்டும்.

பேசுகிறவருக்கு அந்தக் கணிப்பால் என்ன ஆதாயம் என்பதும் வாசகருக்குத் தெரிய வேண்டும். 1954 செப்டம்பரில் அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் தலைவர் லூயிஸ் ஸ்ட்ராஸ் அறிவியல் எழுத்தாளர்கள் சங்கத்தில் பேசும்போது, மீட்டர் வைத்து அளக்கத் தேவையில்லாத அளவுக்கு மின்சாரம் மலிவாகும் காலத்தை அடுத்த தலைமுறை அனுபவிக்கும் என்றார். அணுசக்தியை வளர்க்கும் பொறுப்பில் இருந்தவர் அவர். 2019 ஏப்ரலில் ஈலோன் மஸ்க், அடுத்த ஆண்டே டெஸ்லாவின் 10 லட்சம் தானியங்கி டாக்சிகள் சாலையில் ஓடும் என்று முதலீட்டாளர்கள் கூட்டத்தில் சொன்னார். அந்த நிறுவனம் 2025 ஜூனில் ஆஸ்டின் நகரில் சேவையைத் தொடங்கியபோது ஓடியவை ஒருசில வண்டிகளே, அவற்றிலும் கண்காணிப்பாளர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஸ்ட்ராஸ், மஸ்க் இருவரின் பேச்சும் பொதுநலச் செய்தியாகவே உலகெங்கும் அச்சானது. பொருளை விற்கிறவர் அதன் எதிர்காலத்தைச் சொல்லும்போது, விற்கிறவர் என்ற விவரம் முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும்.

ஒழுங்காகச் செய்ய முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. மூப்பை நோயைப் போலக் கருதிச் சரிசெய்யலாம், ஆயிரம் ஆண்டு வாழப்போகும் மனிதர் இப்போதே பிறந்திருக்கலாம் என்று முதுமை ஆய்வாளர் ஆப்ரி டி கிரே 2004 வாக்கில் சொல்லத் தொடங்கியபோது, பெரும்பாலான இதழ்கள் அவருடைய நீண்ட தாடியைப் படம் பிடித்துப் போட்டுவிட்டு நகர்ந்தன. எம்ஐடி டெக்னாலஜி ரிவியூ வேறு வழியில் போனது. அவருடைய திட்டம் அறிவுலக விவாதத்துக்கே தகுதியற்றது என்று நிறுவும் உயிரியலாளருக்கு 20 ஆயிரம் டாலர் பரிசு என்று 2005இல் அறிவித்தது. கிரேக் வென்டர், ராட்னி புரூக்ஸ் உள்ளிட்டோர் நடுவர்களாக இருந்தார்கள். மறுப்புகள் வந்தன, டி கிரேயின் பதில்களும் வந்தன. 2006 ஜூலையில் நடுவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள்: அவருடைய திட்டம் விவாதத்துக்குத் தகுதியற்றது என்று யாரும் நிறுவவில்லை, அவரும் தன் திட்டம் பலிக்கும் என்று நிறுவவில்லை. வாசகர் அந்தத் தர்க்கத்தை முழுவதும் படிக்க முடிந்தது. கணிப்பை வியக்காமல், எள்ளாமல், சோதித்துப் பார்த்த இதழியல் இது.

இந்த வேலையைச் செய்ய ஒவ்வொரு பத்திரிகையும் பரிசு அறிவிக்க வேண்டியதில்லை. பேட்டியிலேயே சில கேள்விகளை விடாமல் கேட்டால் போதும். எந்த ஆண்டுக்குள்? நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு? அதற்கு முன்பாக நடந்தாக வேண்டியவை எவை, அவற்றில் எதுவரை நடந்திருக்கிறது? எது நடந்தால் உங்கள் கணிப்பு தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்? ஆய்வகத்தில் இன்று இயங்குவது எது, நாளை இயங்கும் என்று எதிர்பார்ப்பது எது? பதில் கிடைக்காவிட்டால் அதையும் எழுதலாம். பேட்டியின் முழு வடிவத்தைப் பத்திரிகையின் வலைத்தளத்தில் வெளியிட்டுவிட்டால், பின்னால் நான் அப்படிச் சொல்லவில்லை என்ற சச்சரவும் எழாது. சராசரி மனிதனின் பொது அறிவுள்ள இயந்திரம் மூன்றிலிருந்து எட்டு ஆண்டுகளில் வந்துவிடும் என்று 1970 நவம்பரில் லைஃப் இதழ் மின்ஸ்கியின் பெயரில் வெளியிட்டது. தான் அப்படிச் சொல்லவில்லை என்று அவர் மறுத்தார். அரை நூற்றாண்டு கழித்தும் அது தீராத வழக்காகவே கிடக்கிறது.

எதிர்காலவியலாளர்களுக்கும் இதில் கடமை உண்டு. கவனத்தை ஈர்ப்பதற்காக மிகக் கோரமான விளைவைக் கையில் எடுக்கிறவர், நாளை அதுமட்டுமே தன் பெயரோடு ஒட்டும் என்பதை எதிர்பார்க்க வேண்டும். ஐயத்தைச் சொன்னால் மதிப்புக் குறையும் என்று அஞ்சத் தேவையில்லை. மனிதரைப் போல உரையாடி நடுவர்களை நம்பவைக்க வேண்டிய டியூரிங் சோதனையில் கணினி 2029க்குள் வெல்லுமா என்று கர்ஸ்வெயிலும் மென்பொருள் முன்னோடி மிட்ச் கேபரும் 2002இல் 20 ஆயிரம் டாலர் பந்தயம் கட்டினார்கள். எத்தனை நடுவர்கள், ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் உரையாடுவார்கள், எத்தனை பேரை ஏமாற்றினால் வெற்றி என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. வெல்பவர் தேர்ந்தெடுத்த அறக்கட்டளைக்குப் பணம் போகும். யார் வென்றாலும் தோற்றவர் மழுப்ப முடியாது. பேட்டி கொடுக்கும் ஒவ்வொரு நிபுணரும் தன் கணிப்பை இந்த அளவுக்குத் தெளிவாக எழுதித் தர முடியாதா?

இது தமிழ் வாசகருக்குத் தூரத்து விவகாரம் இல்லை. ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் தலைமை அதிகாரி டாரியோ அமோடெய், அலுவலக வேலைகளில் தொடக்கநிலைப் பணிகளில் பாதியைச் செயற்கை நுண்ணறிவு ஒன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் அழித்துவிடக்கூடும், வேலையின்மை 10 முதல் 20 சதவீதம் வரை உயரக்கூடும் என்று 2025 மே மாதம் ஆக்சியோஸ் தளத்துக்குச் சொன்னார். பொறியியல் கலந்தாய்வுக்குத் தயாராகும் பிள்ளையும் பெற்றோரும் இதைப் படிக்கிறார்கள். சொன்னவர் அந்தத் தொழில்நுட்பத்தை விற்கும் நிறுவனத்தின் தலைவர் என்பதையும், அவர் கூடும் என்றுதான் சொன்னார் என்பதையும், எந்தெந்த வேலைகள் என்பதில் பொருளியலாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை என்பதையும் அவர்களுக்குச் சேர்த்தே சொல்ல வேண்டும். அதேசமயம், அவர் எண்ணும் காலமும் சொல்லியிருக்கிறார் என்பது பாராட்டத்தக்கது, அதனால் அதைச் சரிபார்க்க முடியும்.

ஆகவே தமிழ்ப் பத்திரிகைகள் ஒவ்வொன்றும் தாங்கள் வெளியிடும் தொழில்நுட்பக் கணிப்புகளுக்கு ஒரு பதிவேடு வைக்க வேண்டும். யார், என்று, என்ன சொன்னார், எந்த ஆண்டுக்குள், எந்த நிபந்தனையோடு, அதில் அவருக்கு என்ன ஆதாயம் என்ற விவரங்களை அதில் எழுத வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, கெடு முடிந்தவற்றை எடுத்து, அதே அளவு இடத்தில் வாசகருக்கு முடிவைச் சொல்ல வேண்டும்; சொன்னவரிடமே விளக்கமும் கேட்டு வாங்க வேண்டும். முதல் இரண்டு பதிவுகளுக்குக் கெடு ஏற்கெனவே குறித்தாகிவிட்டது: கர்ஸ்வெயில்–கேபர் பந்தயம் 2029 இறுதியில் முடிகிறது, அமோடெய் சொன்ன ஐந்தாண்டு 2030 மே மாதத்தில் முடிகிறது.